அரைத் தட்டுச் சோறு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் மருமகளோடும் பேத்தியோடும் இருக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் நான் வேலை செய்யும் இடத்தில், மதிய இடைவேளையில், துணி தேய்க்கும் மேஜை மேல் வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேஜையில் விரித்திருக்கும் கம்பளியைத் திட்டு. அம்மாவுக்கு என்ன வேலை, எந்த மேஜை என்று குழம்புவாய். வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அப்பா ரொட்டிக்கடை வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் மூச்சோடு இழுத்த மாவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மாவு பறக்கிற இடத்தில் இனிமேல் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்குத் தெரியக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். 'அவன் இப்பதான் ஒரு சபையை எடுத்து நடத்துறான், நம்ம இருமலைக் கொண்டுபோய் அவன் தலையில வைக்காதே' என்றார். நானும் தலையாட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் வேலைக்கு நான் போகத் தொடங்கினேன். அதையும் மறைத்தோம். நீ கேட்டபோதெல்லாம் கடை நன்றாக நடக்கிறது என்றேன். கடை நன்றாகத்தான் நடக்கிறது, அதில் பொய் இல்லை. அப்பாதான் அங்கே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உழைப்பைப் பற்றி நீ செய்த பிரசங்கத்தைப் போனில் அனுப்பினாயே, அதில்தான் வினை வந்தது. நல்ல பிரசங்கம். ஆண்டவரே தச்சுப்பட்டறையில் வேர்வை சிந்தினவர், கையால் செய்யும் எந்த வேலையும் அவர் கண்ணுக்கு இழிவில்லை என்று நீ சொன்னபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து அவரைப் பற்றியே பேசினாய். காய்ச்சலிலும் ஒரு நாள் படுக்காதவர், சும்மா உட்கார்ந்து ஒரு கவளம் தின்னாதவர் என் தகப்பன் என்றாய். அப்பா அழுதுவிட்டார். எதிர்வீட்டுத் தையற்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் போட்டுக் காட்டினார். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டேன்தான், ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை.

கடைசியில், வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாது என்பதுதான் அப்போஸ்தலர் போட்ட சட்டம் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னாய். தட்டின சத்தம் போனிலேயே கேட்டது. அன்று சாயங்காலத்திலிருந்து அப்பா சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு வருவேன். திரும்பிப் போனால் மதியத்துக்கு வைத்தது அப்படியே இருக்கும். பசிக்கவில்லை என்பார், தையற்காரர் வீட்டில் தின்றேன் என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் சோற்றையே மறைத்தார். ஒரு நாள் அவருடைய பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை பார்த்தேன், ஆணியைச் சுடவைத்துக் குத்தின ஓட்டை. வயதானால் இளைப்பது சகஜம் என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை எல்லாம் வெளியே வந்தது. என்னிடம் சொல்லாமல் பழைய ரொட்டிக்கடைக்குப் போயிருக்கிறார். மாவுப் பக்கமே வரமாட்டேன், பின்னால் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துத் தருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். நல்ல மனுஷர், இல்லை என்று சொல்ல வாய் வராமல் உட்காரவைத்துவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே இழுப்பு வந்து, உதடு நீலமாகி, இதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டர் என்னைத்தான் திட்டினார். 'மூச்சு மட்டும் இல்லம்மா, உடம்புல சத்தே இல்ல, ஏழு கிலோ குறைஞ்சிருக்கார், வீட்டுல சாப்பாடு போடுறீங்களா இல்லையா' என்றார். இப்படியே போனால் அடுத்த இழுப்பை இந்த உடம்பு தாங்காது என்றும் சொன்னார். அப்பா படுத்திருந்த விரிப்பு நான் தேய்த்தது. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது.

நேற்று மணி அடித்ததும் நிறுத்திவிட்டேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏன் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், 'நாள் முழுக்கச் சும்மா இருக்கிறவனுக்கு எதுக்கு மூணு வேளை? நம்ம பிள்ளை சொன்னதை நாமளே கேக்கலைன்னா வேற யாரு கேப்பா?' என்று.

சும்மாவா இருக்கிறார்? பாத்திரம் கழுவுகிறார். பெருக்கினால் தூசி என்று ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறார். நான் கால் கடுத்து வரும்போது வெந்நீர் வைத்திருக்கிறார். இதைச் சொன்னால், 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். இது வேலையில்லை என்றால், முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் நான் தின்றது யார் சோறு என்று கேட்டேன். எழுந்து போய் எனக்கு வெந்நீர் வைத்தார். ஆனால் அன்றைக்கும் அரைத் தட்டுதான்.

எனக்குத் தெரிந்த வேதத்தையும் எடுத்துப் பேசிப் பார்த்தேன். அப்போஸ்தலர் கண்டித்தது வேலை செய்ய மனமில்லாத சோம்பேறிகளை, நெஞ்சு இரைக்கிறவரை இல்லை என்றேன். ஆண்டவர் சொன்ன உவமையில், யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் சாயங்காலம் வரை சந்தையில் நின்றவர்களுக்கும் திராட்சைத் தோட்டக்காரர் முழுக்கூலி கொடுத்தாரே என்றேன். 'அவங்களாவது ஒரு மணி நேரம் வேலை செஞ்சாங்க' என்று மடக்கிவிட்டார். பிரசங்கியாரின் அப்பா அல்லவா.

மகனே, உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாது, தெரியாமல் வைத்தவர்கள் நாங்கள். நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ அந்த மேஜையை அப்படித் தட்டியிருக்க மாட்டாய். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது. ஆனால் அன்றைக்கு உன் சபையிலும் கடைசி வரிசையில் வேலை போனவர், கை விழுந்தவர் யாராவது உட்கார்ந்திருந்திருப்பார். அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தாரோ, அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

இன்னொரு பிரசங்கம் அனுப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதே. அது அம்மா சொல்லிக்கொடுத்துப் பேசியது என்று கண்டுபிடித்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ நேரில் வா, தனியாக வந்தாலும் சரி. வந்ததும் அவருக்குப் புத்தி சொல்லாதே, அழவும் செய்யாதே. பசிக்கிறது அப்பா என்று மட்டும் சொல். அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார், எனக்குத் தெரியும். அவர் கையால் சமைக்கட்டும், அவர் கையால் உனக்குப் போடட்டும். பிறகு அவரையும் பக்கத்தில் உட்காரவை. அவர் தட்டும் நிறைந்திருக்க வேண்டும். அவர் முதல் வாய் வைக்கும்வரை நீ உன் தட்டைத் தொடாதே. உன்னைப் பட்டினி போட அவருக்கு மனம் வராது.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். வேதப்புத்தகத்தைப் பையின் அடியில் வைத்துக்கொள். வழியில் எதுவும் சாப்பிடாதே கண்ணே, பசியோடு வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா