அம்மா சொல்லாத பெயர்

27 ஏப்ரல் 2009, திங்கள்
பேச்சைத் திருப்பிக் கொண்டுவரும் சிகிச்சை ஆய்வில் அம்மாவுக்கு இன்று முதல் நாள். ஸ்காபரோ வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ், பிறகு சப்வே. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் வைத்துப் பட்டியால் கட்டி, இருபது நிமிடம் மெல்லிய மின்சாரம் விட்டார்கள். அதோடு நாற்பது படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். அதில் மூன்று எங்கள் அல்பத்தில் இருந்து கொடுத்தவை. ஆய்வாளர் அலெக்ஸாண்டருக்குத் தமிழ் தெரியாது. சரி, பிழை போடுவது நான்.
ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப் பேருக்கு மின்சாரமே விடமாட்டார்களாம். அம்மாவும் அந்தப் பாதியில் என்றால்?
பதினொன்று சரி. பக்கவாதம் வந்து ஏழு மாதம்.

1 மே, வெள்ளி
பதினாறு. குடையைப் பார்த்து "மழை" என்றார். அப்பாவின் படத்துக்கு ஒவ்வொரு நாளும் "இஞ்சேருங்கோ". பிழை போட்டேன்.
அத்தையின் கல்யாணத்துக்கென்று 2006இல் கிளிநொச்சி போன அப்பா, சண்டையில் பாதை பூட்டியதும் உள்ளே அகப்பட்டுவிட்டார். ஜனவரிக்குப் பிறகு போன் இல்லை. அவர் எடுத்தால் அம்மா என்ன பேசுவார்? அப்பாவின் பெயர்கூட மறந்துபோச்சா?

8 மே, வெள்ளி
கடைசி நாள். இருபது வந்தால்தான் அடுத்த சுற்று.
பத்தொன்பது.

9 மே, சனி
பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அன்ரியிடம் அழுதேன். அவர் சிரித்துவிட்டார்.
"விசரி, கொம்மா எந்தக் காலத்தில அவரின்ர பேரைச் சொன்னவ? கலியாணம் கட்டின நாளிலயிருந்து இஞ்சேருங்கோதான்."
அம்மா அப்பாவைக் கூப்பிட, பிறந்ததிலிருந்து நான் கேட்ட சொல். பேனையைப் பிடித்ததும் எனக்கு எப்படி மறந்தது?

11 மே, திங்கள்
அலெக்ஸாண்டரிடம் என் பிழையைச் சொன்னேன். தமிழ் தெரிந்த இன்னொருவரிடம் ஒலிப்பதிவைக் கொடுத்துக் கேட்பார்களாம்.

18 மே, திங்கள்
ஊரில் சண்டை முடிந்தது என்று ரீவியில் சொல்கிறார்கள். முடிந்தது என்றால் — அப்பா?

20 மே, புதன்
இருபது என்று ஏற்றுக்கொண்டார்கள். சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.

26 மே, செவ்வாய்
சண்டையிலிருந்து வெளியே வந்தவர்களை வைத்திருக்கும் செட்டிகுளம் முகாமில் பெயர்ப் பட்டியல் பார்க்கக்கூடிய ஒருவரை அன்ரி பிடித்துத் தந்தார். அவர் போன் ஸ்பீக்கரில் கேட்டார்: "ஆரைத் தேடுறியள்?"
நான் வாய் திறக்கமுன் அம்மா போனை வாங்கினார்.
"இராச..."
மிச்சத்தை நான் எடுத்துக்கொடுக்கவில்லை.
"இராசரத்தினம்."
அந்த ஆள் அப்பாவின் தகப்பன் பெயரைக் கேட்டார்.
"கந்தையா."
பார்த்துவிட்டு எடுப்பதாகச் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கப்பட்டவர் மாதிரிச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். போனை இன்னும் மடியிலேயே வைத்திருக்கிறார்.