மட்டம் கிடைத்துவிட்டது, ஸ்டெல்லா

பள்ளிக்கூடம் முழுவதையும் ஓட வைத்து, தானும் கூடவே ஓடிய என் ஸ்டெல்லாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மட்டம் கிடைத்துவிட்டது. குந்தா போகும் வழியில், மின்நிலையத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கேம்ப்பில் இருக்கிறதே வாலிபால் மைதானம், அதுதான். செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பீரியடிலிருந்து ஐந்து மணி வரைக்கும் நம் பிள்ளைகளுக்கு. கேட்கிறதா உனக்கு?

இந்தக் கடிதம் நம் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. உன்னைப் பார்த்திராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன். நீ இங்கே பி.டி. டீச்சராக இருந்தாய், நான் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் உன் மேஜையும் என் மேஜையும் ஒட்டியிருந்தன. என்னைக் 'கணக்கக்கா' என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீதான். மற்றவர்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

நம் பள்ளிக்கு விளையாட இடம் என்று இருந்தது ஒரு சரிவு. பந்து ஒரு முறை கை தவறினால் தேயிலைக்குள் இறங்கிவிடும். தேடி எடுத்து வருவதிலேயே பாதிப் பீரியடு போய்விடும், மீதிப் பாதியில் காலில் ஒட்டிய அட்டைக்கு உப்புத் தடவ வேண்டும். "நமக்கு ஒரு மட்டம் மட்டும் கெடைக்கட்டுங்க்கா, அப்புறம் பாருங்க, ஒருத்தரும் மட்டம் போட மாட்டாங்க" என்று நீ சொல்வாய். மலையில் சமதரைக்கும் மட்டம்தான், பள்ளிக்கு வராமல் ஏய்ப்பதற்கும் மட்டம்தான். நீ சொன்னதை நான் வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

சிரித்ததோடு விட்டேனா? உன் பீரியடையும் பிடுங்கினேன். பரீட்சை நெருங்கினால் போதும், உன் மேஜைப் பக்கம் திரும்புவேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய். "ஏனுங்க்கா, இன்னிக்கும் எம் பீரியடு வேணுங்களா?" என்பாய். எந்தப் பள்ளியிலும் கணக்கு டீச்சர் பி.டி. பீரியடை வாங்கிக்கொள்வதும், பி.டி. டீச்சர் விட்டுக்கொடுப்பதும் வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

கடைசியாகக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை. உனக்கு அன்றைக்கே லேசாகக் காய்ச்சல். "எடுத்துக்கோங்க்கா. திங்கக்கிழமை உங்க பீரியடை எனக்குக் குடுத்துருங்க" என்றாய். சரி என்றேன். திங்கட்கிழமை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய், அடுத்த ஞாயிறு கோத்தகிரியில் உன் வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் மாலையோடு வந்தோம். அந்தத் திங்கட்கிழமையை நான் உனக்கு எப்படிக் கொடுப்பது, ஸ்டெல்லா?

உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. கால அட்டவணையில் பி.டி. என்று எழுதியிருக்கும், வகுப்பில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புச் சிவகாமியை உனக்கு நினைவிருக்கும். இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் தங்கிவிட்ட குடும்பம், நெட்டைக் கை, நீ "இவ சர்வீஸ் போட்டா எதிராளி குனியோணும்" என்பாயே. உன் பீரியடு இல்லாமல் போனதும் அவள் வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கெழமை எதுக்குங்க டீச்சர் வரோணும்?" என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே கேம்ப்புக்கு நடந்தேன்.

அங்கே போஜன் அண்ணன் காலை ஷிப்ட் முடித்து, வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் டீமின் கேப்டன் அவர்தான். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பட்டென்று சொல்லிவிட்டார்.

"நாங்க ஆடுறதே அஞ்சு மணிக்கு மேலதானுங்க டீச்சர். அது வரைக்கும் கிரவுண்டுல மாடுதான் மேயுது. உங்க புள்ளைங்க ஆடட்டும், நானே சொல்லிக் குடுக்கறேன். ஆனா எங்க பசங்களுக்குக் கணக்குன்னா கண்ணு இருட்டுது. சனிக்கெழமை கொஞ்சம் வர்றீங்களா?"

ஆக, அவர் நம் பிள்ளைகளுக்கு வாலிபால், நான் அவர் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா. மழை மாதங்களுக்குப் பக்கத்துச் சர்ச் ஃபாதர் தன் ஹாலைத் தருகிறார், நாற்காலிகளை நாமே எடுத்து, நாமே திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் இவர்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். நாம்தான் போய்க் கேட்கவில்லை.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீ போட்ட கோர்ட் எல்லாம் கோணல். கண் மதிப்பில் சுண்ணாம்பைத் தூவிவிட்டு, "பந்துக்குத் தெரியவா போகுது" என்பாய். இப்போது கோர்ட் போடுவது பத்தாம் வகுப்பு. கயிற்றை எடுத்து, ஒரு மூலையிலிருந்து இந்தப் பக்கம் ஒன்பது மீட்டர், அந்தப் பக்கம் பன்னிரண்டு மீட்டர், குறுக்கே பதினைந்து வந்தால்தான் மூலை சரி. கரும்பலகையில் மூன்று வாரம் சொல்லியும் ஏறாத பாடம், சுண்ணாம்புக் கையோடு ஒரே நாளில் ஏறிவிட்டது. போஜன் அண்ணன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இத்தனை நாளும் அவர்களே கோணல் கோர்ட்டில்தான் ஆடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து ஒரே சிரிப்பு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அரையாண்டுத் தேர்வு வரும் வரை. போன வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ரிசல்ட் பயம்.

"டீச்சர், வெள்ளிக்கெழமை கடைசிப் பீரியடு பத்தாவதுக்கு உங்க ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுக்கலாமுங்களா? விளையாட்டைப் பரீட்சைக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

நான் உன்னிடம் எத்தனை தடவை சொன்ன வாக்கியம் அது! அப்படியே என் காதுக்குத் திரும்பி வந்தது.

"முடியாதுங்க சார். அது ஸ்டெல்லா டீச்சர் பீரியடு."

"அவங்கதான் இல்லீங்களே டீச்சர்."

"பீரியடு இருக்குதுங்களே சார்."

அவர் கால அட்டவணையை மடித்து வைத்தார். பிறகு, கணக்கில் யாராவது தவறினால் அடுத்த வருஷம் கேம்ப்புக்கு அனுப்ப மாட்டேன், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன். ஆனால் பத்தாம் வகுப்பில் நாலு பேர் இன்னும் பின்னத்திலேயே தடுக்கி விழுகிறார்கள்.

அதனால் இப்போது காலையில் முதல் பஸ்ஸில் வந்து, பிரேயருக்கு முன்னால் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறேன். பனியில் விரல் மடங்காது, சாக்பீஸ் நழுவும். பிள்ளைகள் ஸ்வெட்டர் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதுகிறார்கள். நாலு பேரும் வருகிறார்கள். கணக்கில் தவறினால் கோர்ட் பறிபோகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை என் முட்டிவலியோடு, வரிசையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான்தான் கேம்ப்புக்கு நடக்கிறேன். வழியில் காட்டெருமை நின்றால் எல்லோரும் நிற்கிறோம், அது போனால் போகிறோம். போன வெள்ளி சிவகாமி போட்ட சர்வீஸுக்குப் போஜன் அண்ணனே குனிந்தார். வருகைப் பதிவேட்டில் இந்த இரண்டு மாதமாக அவள் பெயருக்கு நேரே ஒரு வெள்ளிக்கிழமைகூட விடுபடவில்லை. நீ சொன்னது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை.

எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அந்த ஏழு வருஷமும் உன் பீரியடை யாரையும் தொட விட மாட்டேன், பத்தாம் வகுப்பில் ஒருவரையும் கணக்கில் தவற விடவும் மாட்டேன். உன் இடத்துக்கு ஒரு பி.டி. டீச்சர் வந்தால், கயிற்றையும் சுண்ணாம்பு டப்பாவையும் அவர் கையில் கொடுத்துவிட்டு முதலில் இதைத்தான் சொல்லுவேன்: கணக்கு டீச்சர் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.

பீரியடு கேட்காத
உன் கணக்கக்கா