மிச்சமிருக்கும் வட்டை

காலையில் அலுவலக யன்னலைத் திறந்ததும் ஈரக் கிறவல் மண்ணின் மணம் மூக்கில் ஏறியது. வயல் வட்டையை நிரப்ப மண் ஏற்றிவந்த டிப்பர்கள் வீதியோரம் நிற்கின்றன. அனுமதி இன்னும் கொடுக்கவில்லை, மண் முந்திக்கொண்டு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கிச் சண்டை பிடித்திருப்பாய்.

ஊருக்குப் பின்னாலுள்ள அந்த வயல்வெளியில் பாதியை நிரப்பிக் கடைத்தொகுதி கட்டும் திட்டம் வந்தபோது, திட்டமிடல் பிரிவில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அறிக்கையில் கடை, வேலை, வாடகை எல்லாவற்றையும் கூட்டி வளர்ச்சி என்று போட்டிருந்தார்கள். மழைவெள்ளம் இனி எங்கே போய் நிற்கும் என்ற கட்டத்தில் மட்டும் ‘கணிக்க முடியாது’. கூட்டும்போது அது சைபராகிவிட்டது. கூட்டத்தில் நீ எழும்பினாய்.

“தெரியாதெண்டா அது சைபர் இல்ல, சேர்.”

“வெள்ளம் வந்தாப் பாப்பம், மிஸ்.”

“உங்கட வீடு மேட்டில கிடக்கு. பள்ளத்தில இருக்கிற சனம் எங்க நிண்டு பாக்கிற?”

சிரித்தார்கள். அனுமதியும் கொடுத்தார்கள், பாதி வட்டை மேடானது. அடுத்த மாரியிலேயே வெள்ளம் என் குசினி அடுப்பு வரை வந்தது. நீ கடலோரத்து உன் ஊரான பாண்டிருப்பிலிருந்து வந்து என்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போனாய். அங்கே வெள்ளத்தைக் கடலுக்கு விட மணல்திட்டை எங்கே வெட்டுவது என்று ஒரே வாக்குவாதம். “கதிர் அழுகுது, பெரிய வாய வெட்டுங்க” என்றார்கள் எங்கள் முஸ்லிம் விவசாயிகள். “இறால் இன்னும் சின்னன், கடலுக்குப் போயிரும், பொறுங்க காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்கள் உங்கள் தமிழ் மீனவர்கள். மழை கூடுமா, விடுமா, ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் சின்னத் தோணா வாய்க்காலைத்தான் வெட்டினார்கள். அதைக் கடலே மணல் போட்டு மூடிவிடும். பெரிய வாயைத் திறந்தால் அந்தப் பருவத்துக்கு மூட முடியாது.

“பாத்தியா புள்ள,” என்றாய், சேலையைத் தூக்கிச் செருகியபடி. “தெரியாத நேரத்தில, திருப்ப ஏலாத வேலையச் செய்யக் கூடா.”

பிறகு நோய் உன்னைக் கொண்டுபோனது. உன் மேசையில் இப்போது பிரின்டர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

மிச்சமிருக்கும் வட்டைக்கும் இப்போது அதே திட்டம், அதே கட்டம். நேற்று மேலிடத்திலிருந்து கதைத்தார்கள்.

“ஒரு சைபரப் போட்டுக் கையெழுத்து வைங்க, மிஸ். ஊர் முன்னேறுறது உங்களுக்குப் பிடிக்கலையா?”

பிடிக்கும். என் மகன் வேலையில்லாமல் இருக்கிறான், அந்தக் கடைகளில் ஒன்றில் அவன் நிற்கலாம். அதையும் கூட்டித்தான் பார்த்தேன். கடைக்கு வேறு மேட்டு நிலம் தேடலாம், வெள்ளத்துக்கு வேறு வட்டை கிடையாது. அந்தக் கட்டத்தில் என் கையால் எழுதினேன்: ‘எவ்வளவு இழப்போம் என்று தெரியாது. இழந்தால் திரும்ப எடுக்க முடியாது. சிபாரிசு செய்யவில்லை.’ என்னைத் தூரத்துக்கு மாற்றுவோம் என்கிறார்கள். மாற்றட்டும். போகிற இடத்திலும் நான் சைபர் போட மாட்டேன்.

கீழே டிப்பர்காரன் ஹோர்ன் அடித்தான்.

“மிஸ், எங்க கொட்டுற?”

யன்னலில் நின்றபடியே உன் குரலில் சொன்னேன்.

“திருப்பிக் கொண்டு போங்க, தம்பி. இண்டைக்கு இன்னும் திருப்பலாம்.”