பரிசலில் என் தெலுங்கு வர்ணனை

அன்புள்ள அக்காவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், உன் தம்பி பரளிக்காட்டில் அரைநாள் பரிசல் சவாரி போய், டிக்கெட்டோடு சேர்ந்த மதியச் சாப்பாட்டையும் வெற்றிகரமாக முடித்துவிட்டான்.

எங்கள் பரிசலில் குண்டான அத்தை ஒருவர், "ஏனுங்க தம்பி, கொஞ்சம் கையக் குடுங்க" என்று நடுங்கிக்கொண்டே ஏறினார். கையைக் கொடுத்தபடியே, கூட வந்த நம் கிஷனிடம், "பரிசலுக்குள்ள இன்னொரு பரிசல்டா" என்றேன். வெளியாளுக்குப் புரியாது என்று நம் வீட்டுத் தெலுங்கில்தான். கரை சேரும்வரை கிண்டலை நிறுத்தவில்லை. கிஷன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சாப்பிடும்போது அந்த அத்தை தன் கேசரியை என் தட்டில் வைத்து, "தினு நாயனா, தின்னுப்பா, பேசிப் பேசிக் களைச்சிருப்பே" என்றார். அச்சுஅசல் நம் வீட்டுத் தெலுங்கு.

உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டதாக அம்மாவிடம் பெருமையடித்தேன். கேட்கவில்லை அக்கா. அவர் கிளம்பும்வரை வேனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கேசரியை மட்டும் தின்றுபோட்டேன்.

இப்படிக்கு,
வாய் மூடிய உன் தம்பி