புல்வெளிக்குப் போட்ட யூரியா

24 செப்டம்பர் 1974, செவ்வாய்

அடையாறு கல்லூரியில் நான் பெருக்கும் குளிர் அறையில், தாவரவியல் டீச்சரம்மா ஆராய்ச்சிக்காக ஊட்டி மலையுச்சியிலிருந்து மண்ணோடு பெயர்த்து வந்த குட்டிப் புல்வெளி இருந்தது. செடிகள் வாடியதுபோல் தெரிந்ததால், போன மாதம் யாரையும் கேட்காமல் ஒரு பிடி யூரியா போட்டேன். புல் மட்டும் மளமளவென்று வளர்ந்து, நீலப் பூச்செடிகளை மூடி அழுக வைத்துவிட்டது.

இன்று டீச்சரம்மா அந்த மண்ணை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, தோட்டக்காரர் முனுசாமி மாமாவிடம் கத்தினார். "சத்தே இல்லாம வாழப் பழகின மண்ணுய்யா இது! உரத்தைக் கொட்டி உள்ள இருந்த நுண்ணுயிரையும் கெடுத்துட்டியே! நாளையிலேர்ந்து வராதே!"

நான் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றேன். அந்த யூரியாவை, வீட்டுக் கீரைக்கு என்று பொய் சொல்லி, மாமாவிடம்தான் வாங்கியிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வயசாயிட்ச்சிம்மா, தெரியாம போட்டுட்டேன்" என்றார்.