கீழே தொடர்ந்ததெல்லாம்

அரியலூர்
12.02.2005

அன்பு அனஸ்,

நான் நலம். நீ உன் நலம் பற்றி எழுதுவதே இல்லை என்பதால், நன்றாகத்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்துடன் ஆறு கிராப் தாள். நம் கதைத் தளத்தின் ஆறு பக்கங்களும் இவைதான். மெயிலில் அனுப்பினால் உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றாய். நான் வேலை பார்க்கும் தர்மராஜ் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் இருக்கும் ஸ்கேனருக்கோ மூடி கிடையாது. அதனால் தபால்.

மூன்றாம் தாளை முதலில் பார். ஒருவர் ஒரு வரி எழுத, அடுத்தவர் தொடர, விடுதியில் நாம் ஒரே நோட்டில் மாற்றி மாற்றி எழுதினோமே, அதேதான். ஒவ்வொரு வரிக்கும் கீழே எழுதியவர் பெயர். கடைசியில் ஒரு காலிப் பெட்டி, வலது பக்கம் 'சேர்'. 'நீக்கு' பட்டனை நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் இரண்டும் ஒட்டித்தான் இருந்தன. தாளை மேசையில் விரித்து, "இதுதான் கம்ப்யூட்டர், எழுதிட்டு அமுக்குங்கண்ணே" என்று தர்மராஜ் அண்ணனிடம் சொன்னேன். நேராக 'நீக்கு' மேல் விரலை வைத்துவிட்டு, "எழுதியாச்சு தம்பி, அடுத்து என்ன வரும்?" என்றார்.

'நீக்கு' பட்டன் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். ஒரு வரியை நீக்கினால் அதற்குக் கீழே தொடர்ந்ததெல்லாம் சேர்ந்து போகட்டும், இல்லையென்றால் கதை தலையில்லாமல் நிற்கும். போனதைச் சேமித்து வைக்க வேண்டுமா என்று போனில் கேட்டாய். வேண்டாம். குப்பையை யார் கிளறப்போகிறார்கள்?

நாம் படித்துச் சரி என்றால்தான் ஒரு வரி தளத்தில் வரும் என்று நீ கேட்ட அனுமதிப் பக்கத்தை நான் வரையவில்லை. வரையவும் மாட்டேன். எங்கள் தெரு சனம் கண்ட வாசலிலும் நின்று "வரலாமாங்க" என்று கேட்டே பாதி ஆயுசைக் கழித்துவிட்டது. எழுதுவதற்கும் ஒருத்தன் வாசலில் நிற்க வேண்டுமா? யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து எழுதட்டும்.

சீக்கிரம் செய்துவிடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தபால்காரரைத் தினமும் முறைத்துக்கொண்டிருக்கும்,
அறிவரசன்


ஷார்ஜா
01.03.2005

அன்பு அறிவுக்கு அனஸ் எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையில் நலம். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனிமேல் குறை சொல்லாதே. அம்மாவுக்கு என் சலாம். லெப்பைக்குடிக்காடு பக்கம் போனால் என் உம்மாவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வா.

தாள்கள் கிடைத்தன. சூப்பர்மார்க்கெட் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் மடியில் விரித்து வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதுகிறேன். மானேஜர் எட்டிப் பார்த்து, வீடு கட்டுகிறாயா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அனுமதி பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. உன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தளத்துக்கு இடம் வாங்கியது என் பெயரில். எவனாவது அசிங்கமாக எழுதினால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். உன் பிடிவாதத்துக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறேன். ஏப்ரலில் திறந்துவிடலாம். ஆனால் அசிங்கம் வந்தால் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், உடனே நீக்குவேன்.

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினாற்போலத்தான் இருக்கிறது.

அன்புடன்,
முகமது அனஸ்


அரியலூர்
23.05.2005

அனஸுக்கு,

நேற்றுக் காலை சென்டரைத் திறந்ததும் தளத்துக்குத்தான் போனேன். பஸ் கதை மூன்றாம் வரியோடு நின்றது. என்னையும் உன்னையும் தவிர யாராலும் நீக்க முடியாது. நான் நீக்கவில்லை.

என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியுமா? அந்தக் கதையைத் தொடங்கியது நான். செந்துறை பஸ், ஜன்னலோரம் ஒரு பெண், மடியில் பிள்ளை. இரண்டு பேர் நன்றாகத்தான் தொடர்ந்தார்கள். நாலாவதாக எவனோ, பெயர் போடும் இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டு, அவள் எந்தத் தெருக்காரி என்று எழுதி, இதுகளுக்கெல்லாம் சீட்டா என்று கேட்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் நான் அதை நீக்கவில்லை.

சனிக்கிழமை அம்மா கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் சென்டருக்கும் வந்தாள். "ஏன்டா மூஞ்சி இப்படிக் கெடக்கு" என்றாள். படித்துக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் சொல்றேன், எழுது" என்றாள். அரை மணி நேரம் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாக என்னிடம்கூடச் சொல்லாத சங்கதி. நான் சும்மா கற்பனையில் எழுதின மாதிரியே ஒரு பஸ், ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை நான். கீழே அவள் பெயரைப் போட்டேன்: வேம்பு. 'சேர்' பட்டனை அவளே அமுக்கினாள். திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

என்னிடம் நகல் இல்லை. மறுபடி சொல்லம்மா என்றேன். "ஒருதரம் சொன்னது போதும், போய் வேலையப் பாரு" என்கிறாள். நானே எழுதிப் பார்த்தேன். கண்டக்டருக்கு மீசை வைத்துவிட்டேன். அவள் மீசை என்று சொல்லவே இல்லை. நான் எழுதினால் அது என் கதையாகிவிடுகிறது.

எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து எங்கள் வாயையே மூடிவிட்டாய். போன் செய்யாதே.

அறிவரசன்


ஷார்ஜா
02.06.2005

அன்பு அறிவு,

உன் கடிதம் கிடைத்தது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். அம்மா எழுதியதற்குக் கீழே அவன் மறுபடி வந்து, அம்மாவின் பெயரைச் சொல்லி இன்னும் மூன்று வரி எழுதியிருந்தான். அதைப் பார்த்ததும் நான் எதையும் யோசிக்கவில்லை. அவனுடைய முதல் வரியிலேயே 'நீக்கு' கொடுத்தேன். கீழே இருப்பதெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும், புரோகிராம் எழுதியவனே நான்தான். நீ எதையும் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் டைப் அடிப்பாய், அதனால் உன்னிடம் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

ஆனால் நீக்கும் முன் அதை இரண்டு தடவை படித்தேன். நினைவில் இருப்பதைக் கீழே எழுதுகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். செந்துறையில் மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சீட் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் நான் களையெடுக்கப் போகும் காட்டுக்காரர் ஏறினார். கண்டக்டர் என்னை எழுந்திரு என்றார். எழவில்லை. (இங்கே காட்டுக்காரர் ஏதோ சொன்னார். எனக்கு மறந்துவிட்டது.) எங்கள் ஊர் வந்தது. இறங்க வேண்டுமானால் எழ வேண்டும். எழுந்தால் அவருக்காக எழுந்தது போல ஆகிவிடும். அதனால் நான் இறங்கவில்லை. அரியலூர் வரைக்கும் உட்கார்ந்தே போனேன். அழுதுகொண்டே திரும்பி வந்தேன்."

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

அனஸ்


ஷார்ஜா
24.06.2005

அறிவு,

பதில் இல்லை. செய்யாதே என்று சொல்லியும் சென்டருக்கு மூன்று நாள் போன் செய்தேன். நீ இப்போதுதான் வெளியே போனாய் என்று தர்மராஜ் அண்ணன் மூன்று நாளும் சொன்னார். பின்னால் நீ இருமியது கேட்டது.

தளத்தை உன் பெயருக்கே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். என் பெயர் எங்கும் வேண்டாம். ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது. நமக்குள் இது இப்படியே முடிந்துவிடக் கூடாது.

அனஸ்


அரியலூர்
03.07.2005

அன்பு அனஸ்,

இருமியது நான்தான். கோபத்தில் மட்டும் உன்னிடம் பேசாமல் இருக்கவில்லை. பேச வெட்கமாகவும் இருந்தது. கீழே தொடர்ந்ததெல்லாம் போகட்டும் என்று வரைந்தவன் நான், போனதைக் குப்பை என்று எழுதியவனும் நான். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கடைசி வரி வந்ததும் கை நின்றது.

"யாரு அழுவுனா?"

"நீதாம்மா. அனஸ் எழுதியிருக்கான்."

"நான் எதுக்குடா அழுவணும்? அரியலூர்ல எறங்கி ரெண்டு வடை வாங்குனேன். ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. காச்ச புள்ளைக்கு வடையான்னு கடக்காரன்கூட கேட்டான்."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னபோது மறுத்தவள், நீ தப்பாக எழுதியதைக் கேட்டதும் ஒவ்வொரு வரியாகத் திருத்தினாள். நீ மறந்துபோன இடத்தையும் சொன்னாள். கண்டக்டர் எழச் சொன்னதும் காட்டுக்காரர் சிரித்தாராம். "உட்காரட்டும் வுடுப்பா, நாளைக்கு வேலைக்கு வரும்ல" என்றாராம். அம்மா சொன்னாள்: "அதுக்கு முன்னால எந்திரிச்சிடலாமான்னுதான் இருந்தேன். அதக் கேட்டப்புறம் எந்திரிக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு." மறுநாள் அவர் காட்டுக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. சுண்ணாம்புக்கல் உடைக்கப் போய்விட்டாள். இது முதல் தடவை சொன்னபோது இல்லாதது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

தளம் நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும். இத்துடன் ஏழாவது தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நீக்கிய வரி குறுக்கே கோடு போட்டபடி அங்கேயே நிற்கும், கீழே தொடர்ந்தது எதுவும் போகாது.

அம்மா சொன்னதைத் தளத்தில் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். "போடு. அந்த மூணு புள்ளிக்காரன் சொன்னதையும் போடு" என்றாள். எதற்கு அந்தக் கண்றாவி என்றேன். "அவனுக்குத்தானடா நான் பதில் சொன்னேன். அது இல்லாட்டி நான் சும்மா பொலம்புன மாதிரில்ல இருக்கும்" என்றாள்.

அவன் எழுதிய வரி எனக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. நேற்று அதை டைப் அடிக்க உட்கார்ந்தேன், கை வரவில்லை. உனக்கும் மறந்திருக்காது. நீ அதை டைப் அடித்துப் போடு, அனஸ். போட்டதும் சொல். கீழே அம்மாவுடையதை நான் அடிக்கிறேன்.

உன்,
அறிவு