ராஜராஜன் வீட்டில் பூனையா?

அக்டோபர் 12, சனி

ராஜராஜனுக்கு உண்ணி பிடுங்கினேன். காதுக்குள், விரல் இடுக்கில், ஒவ்வொன்றும் குண்டுமணி பெரிசு. மிளகு அளவுதான் என்கிறாள் ஞானாம்பாள். கட்டினவள் என்றைக்குப் புருஷனை மெச்சியிருக்கிறாள்? பிடுங்கப் பிடுங்க வருகிறது. மாட்டுக்கொட்டகைச் சுவர் வெடிப்புதான் அதுகளுக்கு ஊர். எட்டாவதோடு நின்றவன் கண்டுபிடித்தேன்! எந்த நாய்க்கு இப்படி எசமான் வாய்க்கும்?

அக்டோபர் 13, ஞாயிறு

ஜாஃபர் சாதிக்கின் மாட்டு மருந்துக் கடை. நாலைந்து பேர் நின்றார்கள்.

"நாய்க்குன்னா தண்ணி நெறைய கலக்கணும்ணே. வீட்டுல பூனை கீனை உண்டா?"

"ராஜராஜன் இருக்கிற வீட்டுல பூனையா? தெருவுலயே ஒண்ணு நடமாடாது தம்பி!"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி மகள் வானதி வேலை மாற்றலாகி இங்கே வந்தபோது கூடவே கொண்டுவந்த பூனை குந்தவை, தினமும் அவன் வயிற்றில் சுருண்டுதான் தூங்குகிறது. அதைச் சபையில் சொன்னால் அவன் மானம் என்னாவது?

அக்டோபர் 14, திங்கள் காலை

மருந்து போட்டாயிற்று. உண்ணி ஆலங்கட்டி மழையாய்க் கொட்டியது!

அன்றே, பொழுது சாய்ந்து

ஐயோ.

ஈரம் காயுமுன்னே குந்தவை அவன்மேல் ஏறிப் படுத்து, உடம்பை நக்கியிருக்கிறது. ஆபீஸிலிருந்து வந்த வானதிதான் பார்த்தாள். வாயில் நுரை, காது துடிக்குது, கால் நாலும் இழுக்குது.

"மாமா, என்னத்தைப் போட்டீங்க?"

நீடாமங்கலத்துக்கு வண்டியில் பறந்தோம். மாட்டு டாக்டரம்மா ஷோபனா சொன்னார்: "நாய் தாங்குற மருந்து பூனைக்கு விஷம்ங்க. வீட்டுல பூனை இருக்கான்னு கடைக்காரர் கேக்கலையா?"

"ஒரு வார்த்தை கேக்கல மேடம்" என்றேன்.

இது வாயா? வேறெதுவுமா?

அக்டோபர் 15, செவ்வாய்

குந்தவைக்கு இன்னும் வலிப்பு நிற்கவில்லை. டாக்டரம்மா அங்கேயே வைத்துக்கொண்டார்.

"அந்தக் கடைக்காரரை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வரேன்" என்று வானதி வண்டியைக் கிளப்பினாள். குறுக்கே போய் நின்றேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"வெட்டிப் பெருமைக்காகவா மாமா?"

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 16, புதன்

ராஜராஜன் வீடெல்லாம் மோந்து தேடுகிறான். நான் கூப்பிட்டும் வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

குந்தவை பிழைத்து வந்துவிட்டது! எலும்பும் தோலுமாக. நாய்மேல் மருந்து வாசனை போகிறவரை இரண்டையும் ஒட்ட விடக் கூடாதாம்.

கடைப்பக்கம் போனேன். அதே கூட்டம். "சக்கரவர்த்தி சௌக்கியமாண்ணே?" என்றான் ஜாஃபர் சாதிக்.

"சௌக்கியம் தம்பி. வீட்டுல பூனை ஒண்ணு இருக்கு. அன்னிக்கு நான் விட்டது புளுகு. அவனை மேய்க்கிறதே அதுதான்."

இப்போது சிரித்தது வேறு சிரிப்பு. சிரிக்கட்டும்.

மத்தியானம் இரண்டுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்தேன். இந்தப் பக்கம் சக்கரவர்த்தியின் குறட்டை, அந்தப் பக்கம் அவர் அக்கா. தஞ்சாவூர் ஜில்லாவில் எவனுக்குக் கிடைக்கும் இந்த இடம்?

வானதி தாண்டிப் போனவள் நின்றாள்.

"மாமா, பொரண்டு படுத்துடாதீங்க."

அசையவே இல்லை நான்.